ஆற்றுக்குள் ஒரு மாளிகை: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பிரான்சின் ஷெனோன்சோ என்னும் சிற்றூரின் மாளிகை பற்றிய தங்கள் கட்டுரையை வாசித்தேன். அந்த மாளிகையைப் பற்றி யார் எழுதினாலும் இரண்டாம் ஆன்றி மன்னரின் காதலிக்கும் அரசிக்கும் இருந்த பகையைத்தான் எழுதுகிறார்கள். தாங்கள் அதை இரண்டு வரிகளில் கடந்துவிட்டீர்கள். அக்கதையை விட்டால் அச்சிற்றூரில் பார்க்க என்ன இருக்கிறது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பகை உண்மைதான். 1547-இல் மன்னர் தம் காதலி தியான் தெ புவாத்தியேவுக்கு மாளிகையை அளித்தார். 1559-இல் மன்னர் இறந்ததும் அரசி கத்தரீன் தெ மெதிசி அதைப் பறித்துக்கொண்டு, மாற்றாக ஷோமோன் மாளிகையைக் கொடுத்தார். வழிகாட்டிகளுக்கு வாய்ப்பான இந்தக் கதை, கட்டடம் ஏன் ஆற்றுக்குள் நிற்கிறது என்பதைச் சொல்வதில்லை.

நானூறு பேர்கூட வசிக்காத அவ்வூரை ஒட்டி ஷேர் ஆறு ஓடுகிறது. அரசின் வரிப்பணத்தைக் கையாண்ட தொமா போயே, 1513-இல் அங்கிருந்த பழைய கோட்டையில் ஒரு கோபுரத்தை மட்டும் விட்டுவைத்து மற்றதை இடித்துவிட்டு, ஆற்றிலிருந்த மாவாலையின் அடித்தளத்தின் மேலேயே புதிய மாளிகையைத் தொடங்கினார். அவர் இத்தாலியப் போர்களுக்குப் போய்விட, வேலையை முன்னின்று நடத்தியவர் மனைவி கத்தரீன் பிரிசொனே. சுழற்படிகளே வழக்கமாயிருந்த காலத்தில் அங்கே நேராக ஏறும் படிக்கட்டு அமைந்தது. பிரான்சில் அத்தகையவற்றுள் அது மிகப் பழையவற்றில் ஒன்று. மன்னரைப் பற்றிப் பேசுவோர் இந்த அம்மையாரை மறந்துவிடுவது எனக்கு வருத்தம்.

பின்னர் தியான், பிலிபேர் தெலோர்ம் என்னும் கட்டடக்கலைஞரைக் கொண்டு மாளிகையிலிருந்து மறுகரைக்குப் பாலம் கட்டினார். அதன் மேல் அறுபது மீட்டர் நீளமுள்ள கூடத்தை எழுப்பியவர் கத்தரீன் தெ மெதிசி. ஆகவே நாம் இன்று படங்களில் காணும் அந்த வடிவம் பகையாளிகள் இருவரின் கூட்டுவேலை; இருவருமே இதை ஒப்புக்கொண்டிருக்கமாட்டார்கள்.

முதல் உலகப் போரில், சாக்லேட் தொழிலதிபர்களான மெனியே குடும்பத்தார் அக்கூடத்தை மருத்துவமனையாக்கினர். 1918 வரை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட காயமுற்ற வீரர்கள் அங்கே சிகிச்சை பெற்றனர். இரண்டாம் உலகப் போரில், 1940-இல், பிரான்சின் ஒரு பகுதியை ஆக்கிரமித்த ஜெர்மானியர் வகுத்த எல்லைக்கோடு ஷேர் ஆற்றின் வழியே சென்றது. மாளிகையின் முன்வாயில் ஆக்கிரமிக்கப்பட்ட பகுதியிலும், கூடத்தின் தென்வாயில் ஆக்கிரமிக்கப்படாத பகுதியிலும் அமைந்துவிட்டதால், தப்பியோடியவர்கள் சிலருக்கு அந்தக் கூடமே வழியாயிற்று.

தாங்கள் போனால் அந்தத் தென்வாயிலைக் கடந்து மறுகரைக்குச் செல்லுங்கள். பலர் அரசியரின் படுக்கையறைகளைப் பார்த்ததோடு திரும்பிவிடுகிறார்கள்.