முட்டை குறைந்தால் முதலில் எந்தக் கோழி என்று பாருங்கள்

கேள்வி: ஐயா, வீட்டுக்குப் பின்னால் 12 பெட்டைக் கோழிகளும் ஒரு சேவலும் வைத்திருக்கிறேன். ஐந்து நாட்டுக்கோழி, மீதி கலப்பினம். முன்பு நாளுக்கு ஏழெட்டு முட்டை கிடைத்தது. இரண்டு மாதமாக இரண்டு, மூன்றுதான். அதிலும் சில கெட்டி ஓடில்லாத தோல்முட்டை. மக்காச்சோளமும் உடைத்த தானியமும்தான் தீவனம், பகலில் மேயவும் விடுகிறேன். சத்து டானிக் கொடுத்தும் மாற்றமில்லை. தவறாமல் முட்டையிட என்ன செய்யலாம்?

பதில்: முதலில் டானிக்கை நிறுத்திவிடுங்கள். நீங்கள் பன்னிரண்டு கோழிகளையும் ஒரே கணக்கில் சொல்கிறீர்கள். ஆனால் அத்தனையும் ஒரே காரணத்துக்காக முட்டையை நிறுத்தியிருக்க வாய்ப்பு குறைவு. ஒன்று குஞ்சு பொரிக்க அடையில் உட்கார்ந்திருக்கும், இன்னொன்று இறகு உதிர்த்துக்கொண்டிருக்கும், மற்றொன்று வேலியோரப் புதரில் இட்டுவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் வந்து நிற்கும். எது எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தைத் தண்ணீரில் கலந்து வைப்பதில் பயனில்லை.

முதலில் புதர் முட்டைச் சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். மூன்று நான்கு நாள் கோழிகளை முழு நாளும் அடைத்தே வையுங்கள். காலையில் மட்டும் அடைத்தால் போதாது. ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகும். அதனால் இன்று எட்டு மணிக்கு இட்ட கோழி நாளை சற்றுத் தாமதமாக இடும். இப்படியே தள்ளிக்கொண்டே போய்ப் பிற்பகலை எட்டியதும் ஒரு நாள் இடைவெளி விட்டு, மறுபடி காலையில் தொடங்கும். நல்ல கோழிகூட 365 நாளும் இடாததற்கு இதுவும் ஒரு காரணம். அடைத்த நாட்களில் முட்டை கூடினால் நோயும் இல்லை, பெரிய குறையும் இல்லை, இடம்தான் பிரச்சினை. நான்கைந்து கோழிக்கு ஒன்று என்ற கணக்கில் சுமார் ஓர் அடி அகல நீளத்தில் பெட்டி வையுங்கள். கொஞ்சம் இருட்டான மூலையில், உட்காரும் கம்பைவிடத் தாழ்வாக இருக்கட்டும். உயரத்தில் வைத்தால் அதிலேயே படுத்துத் தூங்கி எச்சமிட்டு வைக்கும். பெட்டிக்குள் ஒரு மரமுட்டை போட்டு வைத்தால் பழக்கம் சீக்கிரம் வரும்.

அடுத்து, ஒரு நாள் இரவு அவை கம்பில் ஏறி அடங்கியபின் டார்ச்சோடு போய் ஒவ்வொன்றாகக் கையில் எடுங்கள். முட்டையிடும் கோழியின் கொண்டை சிவந்து மெத்தென்று இருக்கும். முட்டை வரும் துளை அகலமாகவும் ஈரமாகவும் இருக்கும். அதன் இருபுறமும் கூர்மையாகத் தட்டுப்படும் இரண்டு எலும்புகளுக்கு நடுவே விரலை வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று விரல் நுழைந்தால் அது இடுகிற கோழி. ஒரு விரலுக்கே இடமில்லாமல், துளையும் சுருங்கி வறண்டிருந்தால் அது இப்போது இடவில்லை. இப்படிப் பிரித்து, இடாதவற்றின் காலில் ஒரு வளையம் மாட்டிவிடுங்கள். அப்படியே ஒரு வெள்ளைத் துணியால் கம்பின் அடிப்பக்கத்தையும் இடுக்குகளையும் துடைத்துப் பாருங்கள். துணியில் சிவப்புக் கறை படிந்தால் செவ்வுண்ணி இருக்கிறது. பகலில் இடுக்கில் ஒளிந்திருந்து இரவில் ரத்தம் குடிக்கும். அது தொலையாதவரை எந்தத் தீவனமும் முட்டையாக மாறாது. கம்பு, பெட்டி, இடுக்கு எல்லாவற்றையும் சுத்தம் செய்து, என்ன மருந்து தெளிப்பது என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி தீவனம். தோல்முட்டை என்று எழுதியதுமே எனக்கு இதில்தான் சந்தேகம் வந்தது. ஓர் ஓட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம் சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) வேண்டும். மக்காச்சோளத்தில் அது இல்லை என்றே சொல்லலாம், புரதமும் 8, 9 சதவீதம்தான். முட்டையிடும் கோழிக்கு 16 முதல் 18 சதவீதப் புரதமும் 3.5 முதல் 4 சதவீதச் சுண்ணாம்புச் சத்தும் உள்ள முட்டைக்கோழித் தீவனம் தேவை. கலப்பினக் கோழி ஒன்றுக்கு நாளுக்கு 100 முதல் 120 கிராம் வரை கணக்கு வையுங்கள். மேய்ந்து வருகிற நாட்டுக்கோழிக்குக் குறைவாகவே போதும். ஒரே நாளில் மாற்றாமல், ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். தானியத்தை மாலையில் ஒரு கைப்பிடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காலையிலேயே போட்டால் அதிலேயே வயிறு நிறைந்து தீவனத்தைத் தொடாது.

ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது. அதனால் உடைத்த கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் மாலையில் வையுங்கள். தூளாக அரைக்க வேண்டாம், துண்டாக இருந்தால் வயிற்றில் மெதுவாகக் கரைந்து இரவு முழுக்க உதவும். தேவைப்பட்ட கோழி தானே கொத்திக்கொள்ளும், தீவனத்தில் கலக்க வேண்டாம். குஞ்சுகளுக்கும் முட்டைக்கு வராத விடைக்கோழிகளுக்கும் முட்டைக்கோழித் தீவனம் கொடுக்கவே கூடாது. அவ்வளவு சுண்ணாம்புச் சத்து அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

தண்ணீரைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். தீவனத்தைப்போல் இரு மடங்கு எடையாவது தண்ணீர் குடிக்கும், வெயில் நாளில் இன்னும் அதிகம். அரை நாள் பாத்திரம் காய்ந்து கிடந்தாலே முட்டை குறையும். வெப்பத்தில் வாயைத் திறந்து மூச்சு வாங்கும் கோழி தீவனத்தையும் குறைத்துக்கொள்ளும், ஓடும் மெலியும். பாத்திரத்தை நிழலில் வைத்து அடிக்கடி மாற்றுங்கள்.

வளையம் மாட்டிய கோழிகளுக்கு வருவோம். நாட்டுக்கோழி பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்காருவது அதன் இயல்பு. குஞ்சு வேண்டுமென்றால் முட்டை வைத்து 21 நாள் விடுங்கள். வேண்டாமென்றால் அடியில் காற்றோடும் கம்பிவலைக் கூண்டில், வைக்கோல் எதுவும் போடாமல், தண்ணீரும் தீவனமும் வைத்து நாலைந்து நாள் விட்டால் பெரும்பாலும் அடை தெளியும். தண்ணீரில் முக்குவது, பட்டினி போடுவது எல்லாம் கொடுமை, செய்யாதீர்கள். கழுத்து, முதுகில் இறகு கொட்டிப் புதுக் குருத்து முளைத்திருந்தால் அது இறகு உதிர்க்கும் காலம். இரண்டு மூன்று மாதம் முட்டை இருக்காது. அந்த நேரத்தில் அதை விரட்டிப் பயனில்லை, இறகும் புரதத்தால் ஆனதுதான் என்பதால் தீவனத்தை மட்டும் குறைக்காதீர்கள்.

பகல் குறுகும் மாதங்களில் முட்டை குறைவதும் உண்டு. இயற்கை வெளிச்சத்தோடு சேர்த்து 14 முதல் 16 மணி நேரம் கிடைக்கும்படி அதிகாலையில் ஒரு சிறு பல்பு எரியவிடுங்கள். மாலையில் எரியவிட்டு அணைத்தால் கம்பில் ஏறாமல் இருட்டில் தடுமாறும். ஒரு நாள் போட்டு ஒரு நாள் விடுவதைவிடப் போடாமலிருப்பதே நல்லது.

கலப்பினக் கோழிகளின் வயதை நீங்கள் எழுதவில்லை. முதல் வருடம்தான் அவற்றுக்கு உச்சம், அப்புறம் ஆண்டுக்கு ஆண்டு குறையும். மூன்று வயது கடந்ததிடம் பழைய கணக்கை எதிர்பார்க்க வேண்டாம். எலும்பு இடைவெளி சுருங்கி, அடையும் இல்லாமல், இறகும் உதிராமல் இருக்கிற கோழிகள் எத்தனை, அவற்றின் வயதென்ன என்று எழுதுங்கள். ஆனால் பச்சையாகக் கழிவது, மூச்சுத் திணறல், கழுத்து முறுக்கிக்கொள்வது இவற்றில் ஏதாவது தெரிந்தால் என் பதிலுக்குக் காத்திருக்காமல் அந்தக் கோழியைத் தனியே பிரித்து, அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்து கொடுத்தால் எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக்கூடாது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.