கையெழுத்திடும் முன்: செம்பூரிலிருந்து எழுதிய தாய்க்கு

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகளுக்கு மும்பை அந்தேரியில் உள்ள மாடலிங் ஏஜென்சி ஒன்று ஐந்தாண்டு ஒப்பந்தம் தர முன்வந்திருப்பதையும், தொலைக்காட்சித் தொகுப்பாளராக வேண்டும் என்பதே அவளுடைய ஆசை என்பதையும், அவளை அனுப்புவதா தடுப்பதா என்று புரியாமல் நீங்கள் உறக்கமின்றித் தவிப்பதையும் உங்கள் கடிதத்திலிருந்து அறிந்தேன். ஆசையைத் தடுக்க வேண்டாம். ஆனால் அந்தக் காகிதத்தில் இப்போது கையெழுத்திடவும் வேண்டாம்.

ஏஜென்சி உங்கள் கையெழுத்தையும் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. அதனால்தான் பெற்றோரைத் தேடி வருகிறார்கள். நீங்கள் அனுப்பிய நகலில், ஐந்து ஆண்டுகளுக்கு வேறு எவர் வழியாகவும் அவள் வேலை பெறக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஆண்டுக்கு இத்தனை வாய்ப்பாவது தருவோம் என்ற உறுதி எங்குமே இல்லை. அவள் கைகளைக் கட்டிவிட்டுத் தன் கைகளை விரித்துக்கொள்ளும் ஒப்பந்தம் இது. போர்ட்ஃபோலியோ படங்களுக்காக, அதாவது வாய்ப்புத் தேடும்போது காட்டும் புகைப்படத் தொகுப்புக்காக, முன்பணம் கேட்பதையும் கவனியுங்கள். வேலை வாங்கிக் கொடுத்து அதில் கமிஷன் எடுப்பதுதான் ஏஜென்சியின் தொழில். வேலைக்கு முன்பே உங்களிடம் பணம் வாங்குகிறவருக்கு உங்கள் மகள் வாடிக்கையாளர் மட்டுமே. சயான் கோலிவாடாவிலிருந்து என்னிடம் வந்த ஒரு பெண்ணின் வீட்டில் இதற்காகத் தாலிச்சங்கிலியை அடகு வைத்திருந்தார்கள். படங்கள் வந்தன, வேலை வரவில்லை. அந்தத் தாயின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இந்தத் துறையில் நிலைத்தவர்களைப் பாருங்கள். 1970இல் சென்னையில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பத்மா லட்சுமிக்கு, 14ஆம் வயதில் நேர்ந்த கார் விபத்தால் வலது கையில் நீண்ட தழும்பு உண்டு. அதை மறைக்காமலேயே மாடலாகப் பெயர் பெற்றார். கல்லூரி மாணவியாக ஸ்பெயினில் இருந்தபோதுதான் அந்த வாய்ப்பு வந்தது. ஆயினும் நாடகக் கலையிலும் அமெரிக்க இலக்கியத்திலும் பட்டப்படிப்பை முடித்தார். 2006 முதல் 2023 வரை 'டாப் செஃப்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிச் சமையல் போட்டி நிகழ்ச்சியில் தொகுப்பாளராக அவர் நீடித்ததற்கு, உணவைப் பற்றி அவருக்கு இருந்த அறிவும் அதைச் சுவையாகச் சொல்லும் திறமையும் முக்கியக் காரணங்கள் என்பது என் கருத்து. முகம் வாசல்வரை கொண்டு போய் விடும். உள்ளே உட்கார வைப்பது வேறொன்று. உங்கள் மகளிடம் அந்த வேறொன்று என்ன என்பதைத்தான் இந்த ஆண்டு நாம் கண்டறிய வேண்டும். தமிழ், இந்தி, மராத்தி மூன்றையும் அவள் தடையின்றிப் பேசுகிறாள் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். விளம்பரங்களைப் பல மொழிகளில் தயாரிக்கும் இந்த நகரத்தில் அது சிறிய சொத்து அன்று. குரல் கொடுப்பது, டப்பிங், மேடைத் தொகுப்பு எனப் படிப்பைக் கெடுக்காமல் தொடங்கக்கூடிய வேலைகள் அதில் இருக்கின்றன.

ஆகவே கல்லூரி கட்டாயம். மும்பைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பல கல்லூரிகளில் வெகுஜனத் தொடர்பியல் பட்டப்படிப்பு உண்டு. வணிகவியலே பிடித்திருந்தால் அதுவும் நல்லதே.

பணத்தைப் பற்றியும் அவளிடம் இப்போதே பேசுங்கள். தொலைக்காட்சித் தொடர்களில் 12 மணி நேர ஷிப்ட் வழக்கமானது. அதற்கான ஊதியம் பெரும்பாலும் 90 நாள் கழித்தே கைக்கு வரும், அதிலும் தொழில்முறைக் கட்டணத்துக்குரிய 10 சதவீத வரி பிடித்தம் போகும். மூன்று மாதச் செலவுக்குக் கையில் பணமில்லாத பெண் எந்த நிபந்தனைக்கும் தலையாட்டும் நிலைக்குத் தள்ளப்படுவாள் என்பதுதான் என் உண்மையான கவலை.

நீங்கள் அஞ்சுகிற பொதுவாழ்வு பற்றியும் சொல்ல வேண்டும். நடிகை மந்திரா பேடி 2003 உலகக் கோப்பைக் கிரிக்கெட் நிகழ்ச்சியைத் தொகுத்தபோது, அவர் என்ன பேசினார் என்பதைவிட என்ன உடுத்தினார் என்பதே அதிகம் விவாதிக்கப்பட்டது. அவர் விலகவில்லை, இன்றும் திரையில் இருக்கிறார். ஆனால் அத்தகைய பேச்சு உங்கள் குடியிருப்பின் படிக்கட்டு வரைக்கும் வரும், அப்போது வீட்டிலிருந்து முதலில் கேட்கும் குரல் அவளைக் குற்றஞ்சாட்டுவதாக இருக்கக் கூடாது. புகழோடு பொறுப்பும் வருகிறது: 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் தோன்றிப் பரிந்துரைப்பவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். எந்தப் பொருளுக்கு முகம் கொடுக்கிறோம் என்று விசாரித்தறியும் பழக்கம் முதல் விளம்பரத்திலேயே தொடங்க வேண்டும்.

ஆடிஷன்களுக்குப் போகட்டும். வெர்சோவா ஆராம் நகரின் சந்துகளில் காலையிலிருந்து வரிசையில் நின்று, இரண்டு நிமிடத்தில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்படுவது எப்படி இருக்கும் என்பதை அவள் நேரில் அறியட்டும். தேர்வு முடியும்வரை மாதம் ஒன்று போதும், ஒவ்வொன்றுக்கும் நீங்களோ அவள் தந்தையோ உடன் செல்லுங்கள். இரவில் தனியார் குடியிருப்பில் 'லுக் டெஸ்ட்' (தோற்றம் பொருந்துகிறதா என்று பார்க்கும் சோதனை) என்று அழைத்தால் போக வேண்டியதில்லை.

ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களையும் எடுத்துக்கொண்டு வரும் சனிக்கிழமை மாலை மாட்டுங்கா அலுவலகத்துக்கு இருவரும் வாருங்கள். முதல் அரைமணி நேரம் அவளோடு தனியாகப் பேச விரும்புகிறேன். அதுவரை நீங்கள் வெளியே காத்திருக்க வேண்டியிருக்கும்.