'தி ப்ராஃபசி' ஐந்து படங்களையும் பார்க்கலாமா? முதல் படத்துக்குப் பிறகு ஏன் சரிகிறது?

தேவதூதர்களின் சண்டையைச் சொல்லும் இந்த ஆங்கிலத் திகில் தொடரின் முதல் படத்தைப் பார்த்துவிட்டு, கேபிரியல் என்ற தூதனாக வரும் கிறிஸ்டஃபர் வாக்கன் மேல் பித்துப் பிடித்து அடுத்ததைத் தேடுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். பாருங்கள், தப்பில்லை. ஆனால் ஐந்தையும் ஒரே சரடாக நினைத்து உட்காராதீர்கள். 1995, 1998, 2000 மூன்றும் ஒரு கதை. 2005இல் வந்த இரண்டும் வேறு கதை. பெயர்ப்பலகைதான் பழசு.

சரிவுக்குப் பணம் இல்லாததுதான் காரணம் என்று பலரும் சொல்வார்கள். பாதிதான் உண்மை. முதல் படமே சுமார் 80 லட்சம் டாலர் படம்தான். பரலோகத்தில் இரண்டாவது யுத்தம் நடக்கிறது என்கிற கதையை அந்தக் காசில் எடுத்த விதத்தைக் கவனியுங்கள். எழுதி இயக்கிய கிரிகரி வைடன் ('ஹைலாண்டர்' கதையும் இவருடையதே) யுத்தத்தைப் பெரும்பாலும் காட்டவே இல்லை. சிறகுக்கும் பெரிதாகச் செலவு செய்யவில்லை. அதற்குப் பதில் தூதர்களை நாற்காலியின் முதுகிலும் சுவர் விளிம்பிலும் பறவை மாதிரி குந்தி உட்காரவைத்தார். ஒரு காசு செலவில்லை, ஆனால் பார்த்த கணமே 'இது மனுஷ ஜென்மம் இல்லை' என்று உடம்பு சொல்லிவிடும். தூதரைக் கொல்ல இதயத்தைப் பிடுங்க வேண்டும் என்று ஒரு விதி. அதற்குத் தேவை ஒரு ரப்பர் இதயமும் சாயமும். கேபிரியலுக்குக் கார் ஓட்டத் தெரியாது, அதனால் தற்கொலை செய்துகொண்ட ஒருவனைச் சாகவிடாமல் பிடித்துவைத்து டிரைவராக்கிக்கொள்கிறான். நகைச்சுவை, கொடூரம், கதைக்குத் தேவையான துணைப் பாத்திரம் மூன்றும் கார் ஓட்டத் தெரியாது என்கிற அந்த ஒரே விதியிலிருந்து கிடைத்துவிடுகின்றன. சண்டை எதற்கு? செத்துப்போன ஒரு ராணுவ கர்னலின் ஆன்மாவுக்கு. அது அரிசோனாவில் ஒரு சின்ன ஊரில் ஒரு சிறுமிக்குள் ஒளித்துவைக்கப்பட்டிருக்கிறது. பிரபஞ்ச யுத்தம் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் அளவுக்குச் சுருங்கிவிட்டது. பட்ஜெட்டுக்கு அது தாங்கும்.

தொடர்ச்சிப் படங்கள் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டன. இரண்டாம் பாகத்திலிருந்து எல்லாமே தியேட்டருக்கு வராமல் நேராக வீடியோவுக்குப் போனவை. கையிருப்பு குறைகிறது, ஆபத்து மட்டும் பாகத்துக்குப் பாகம் பெருகுகிறது. முதலில் ஓர் ஆன்மா, அடுத்து தூதனுக்கும் மனுஷிக்கும் பிறக்கப்போகும் குழந்தை, மூன்றாவதில் மனித குலத்தையே அழிக்கவரும் பைரியல் என்ற தூதன், 2005இல் அந்திக்கிறிஸ்துவின் (உலக முடிவில் வருவான் என்று சொல்லப்படும் கிறிஸ்துவின் எதிரி) பெயர். பைரியலைப் பற்றிப் படம் முழுக்கப் பேசிப்பேசிப் பயம் காட்டினால், கடைசியில் வந்து நிற்பவன் எவ்வளவு பெரியவனாக இருந்தாலும் போதாது.

இரண்டாம் பாகம் (கிரெக் ஸ்பென்ஸ் இயக்கியது) அவ்வளவு மோசமில்லை என்பது என் கட்சி. திட்டுபவர்கள் திட்டலாம். ஜெனிஃபர் பீல்ஸ் நர்ஸ், எரிக் ராபர்ட்ஸ் மைக்கேல், பிரிட்டனி மர்ஃபிக்குக் கேபிரியல் சாகவிடாமல் பிடித்துவைக்கும் பெண் வேடம். ஏதேன் தோட்டம் இன்று ஒரு பாழடைந்த தொழிற்சாலைப் பகுதியாகக் கிடக்கிறது என்று வைத்தார்களே, ஏழ்மையிலும் மூளை வேலை செய்த இடம் அது. சொதப்பல் எங்கே என்றால், முதல் படத்தின் நாயகனான போலீஸ்காரர் தாமஸ் டாகெட். அந்த வேடத்தில் நடித்த எலியாஸ் கோட்டியஸ் வரவில்லை, புரூஸ் ஆபட்டைப் போட்டு ஆரம்பத்திலேயே முடித்துவிட்டார்கள். முதல் படத்தின் விசுவாசப் போராட்டம் முழுக்க அந்த ஆள் மேல் நின்றது. அவர் போனதும் தொடருக்கு மனுஷப் பக்கமே இல்லாமல் போயிற்று.

மூன்றாவதில் (இயக்கம் பேட்ரிக் லூசியர்) 1998இல் கருவான பிள்ளை 2000இல் வளர்ந்த இளைஞன். காலம் எப்படித் தாண்டியது என்று கேட்காமல் பார்த்துவிட்டுப் போங்கள். மனிதனாக்கப்பட்ட கேபிரியலாக வாக்கன் வரும் காட்சிகளுக்காகவே பார்க்கலாம். பிணவறை ஜோசப்பாக ஸ்டீவ் ஹைட்னர் மூன்றிலும் வருகிறார். அவரையாவது மாற்றாமல் விட்டார்கள்.

2005இன் 'அப்ரைசிங்', 'ஃபர்சேக்கன்' இரண்டையும் ஜோயல் சாய்சன் ருமேனியாவில் அடுத்தடுத்து எடுத்தார். அந்தக் காலத்தில் டைமென்ஷன் என்ற பட நிறுவனம் 'ஹெல்ரெய்சர்' என்ற இன்னொரு திகில் தொடரின் தொடர்ச்சிகளையும் அங்கேதான் எடுத்துக்கொண்டிருந்தது. ஒரே யூனிட், ஒரே ஊர், இரண்டு படம் என்றால் செலவு மிச்சம். ஆனால் ஒரு கதைக்கான சரக்கை இரண்டாகக் கிழித்தால் இரண்டாவது மெலியும். தன்னைத்தானே எழுதிக்கொள்ளும் லெக்சிகன் என்ற புத்தகம் நல்ல யோசனை, சீன் பெர்ட்வீ இருப்பதால் 'அப்ரைசிங்' நிற்கிறது. அடுத்ததில் டோனி டாட் இருந்தும் வெறும் துரத்தல்தான் மிச்சம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் படங்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் கேபிரியலை 'தேவதை' என்று எழுதுவதை நிறுத்தினால் கோடிப் புண்ணியம். தேவதை என்றால் நமக்கு வெள்ளைப் புடவைக் கனவுக் காட்சி நினைவுக்கு வரும். தூதர், அதிதூதர், ஏன் சம்மனசு என்றுகூட நம் சர்ச்சுகளில் சொல் இருக்கிறதே. சொல் முக்கியம், ஏனென்றால் முதல் படத்தின் கதையே பைபிளின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்துக்கு 23ஆம் அதிகாரம் ஒன்று இருப்பதாகச் சொல்வதில்தான் நிற்கிறது. உண்மையில் 22தான். இது தெரியாமல் பார்த்தால் அந்தக் காட்சியின் அதிர்ச்சி பாதி போய்விடும். 12ஆம் அதிகாரத்தில் மிகாவேல் (படத்தில் மைக்கேல்) வலுசர்ப்பத்தோடு போரிடுவதையும் ஒரு தடவை படித்துவிட்டு உட்காருங்கள். படம் இறையியல்படி சரியா என்று சண்டைக்கு வராதீர்கள், சரியில்லை, தெரியும்.

ஒரே வார இறுதியில் முடிப்பதானால் முதல் நாள் 1, 2. மறுநாள் 3. தொடர்ச்சிகள் எல்லாமே ஒன்றரை மணி நேரத்துக்குள் அடங்கும். 'அப்ரைசிங்'கைச் சில வாரம் கழித்து, வேறு படம் என்று நினைத்துக்கொண்டு போடுங்கள். அது பிடித்தால் மட்டும் ஐந்தாவது. முதல் படம் சில நாடுகளில் 'காட்ஸ் ஆர்மி' என்ற பெயரிலும் வந்தது. ஆறாவது பாகம் என்று நினைத்து அதை இன்னொரு தடவை காசு கொடுத்து வாங்கிவிடாதீர்கள்.