திருக்கை முள் குத்திய கால்: மருத்துவமனை மீது வழக்குப் போட முடியுமா?

பாம்பன் பக்கமிருந்து ஒரு வாசகர் தன் அம்மாவுக்காக எழுதியிருக்கிறார். சுருக்கமாக அவர் கேள்வி இது:

"அம்மா கடலில் பாசி எடுக்கப் போகிறவர். போன வருடம் இடுப்பளவுத் தண்ணீரில் திருக்கையை மிதித்து, முள் செருப்பைத் துளைத்துப் பாதத்தில் ஏறிவிட்டது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்காமல் உடனே தையல் போட்டு அனுப்பினார்கள். அம்மாவுக்குச் சுகர் உண்டு. கால் வீங்கி மூன்று முறை திரும்பப் போனோம். மாத்திரையை மட்டும் மாற்றினார்கள். பதினோராம் நாள் மதுரை அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். உள்ளே ஒடிந்த முள் துண்டு இருந்ததாம். அதை எடுத்தார்கள், அழுகிப்போன இரண்டு விரல்களையும் எடுக்க வேண்டியதாயிற்று. இது நடந்து 14 மாதம் ஆகிறது. இப்போது ஆஸ்பத்திரி ஆள் வந்து, 40,000 ரூபாய் தருகிறோம், ஒரு பேப்பரில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். சொந்தக்காரர்கள் போலீஸுக்குப் போகச் சொல்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?"

முதலில், அந்தப் பேப்பரில் அம்மாவும் கையெழுத்துப் போட வேண்டாம், நீங்களும் போட வேண்டாம். அந்த ஆளிடம் சண்டை போடவும் வேண்டாம். "வக்கீலைக் கேட்டுச் சொல்கிறோம்" என்பது போதும். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று ஒரு வரி அதில் இருந்து, அதன் கீழே கைநாட்டு விழுந்துவிட்டால், பிறகு அதை உடைப்பதற்கே தனியாக ஒரு போராட்டம் நடத்த வேண்டியிருக்கும்.

அடுத்தது நாள் கணக்கு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் மனு போட வேண்டும். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது. 1993இல் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒரு பெண்ணின் வயிற்றில் துணி இருந்தது 2002இல்தான் தெரிந்தது. உச்ச நீதிமன்றம் 2010இல் அந்த வழக்கைக் காலம் கடந்தது என்று தள்ளியது. அவர் ஒரு செவிலியர், வலி தொடர்ந்தபோதே விசாரித்திருக்க வேண்டும் என்பது நீதிமன்றத்தின் பார்வை. உங்களுக்கு முள் துண்டு இருந்தது மதுரையில்தான் தெரியவந்தது என்று வாதிடலாம்தான். இருந்தாலும் தையல் போட்ட தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். கையில் இருப்பது பத்து மாதம்.

இனி மனதைக் கல்லாக்கிக்கொண்டு கேளுங்கள். அம்மாவின் விரல்கள் போனதாலேயே டாக்டர் தவறு செய்தார் என்று எந்த நீதிமன்றமும் சொல்லாது. விளைவு கெட்டதாக இருப்பது வேறு, சிகிச்சையில் கவனக்குறைவு இருப்பது வேறு. அதே நிலையில் இருக்கும் சாதாரணத் திறமையுள்ள ஒரு டாக்டர் என்ன செய்திருப்பாரோ, அதை இவர் செய்தாரா என்றுதான் பார்ப்பார்கள். 1957இல் ஓர் ஆங்கிலேய வழக்கில் வந்த இந்த அளவுகோலை 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. அதனால் "எங்கள் அம்மா காலைக் கெடுத்துவிட்டார்கள்" என்று மனு எழுதினால் நிற்காது. "அன்றைக்குச் செய்திருக்க வேண்டியது இது, செய்யவில்லை" என்று எழுத வேண்டும்.

உங்கள் விஷயத்தில் அப்படி எழுத இடமிருக்கிறது. திருக்கை முள் மீன் முள் மாதிரி வழவழப்பானது அல்ல. இரண்டு ஓரமும் அரம் போலப் பின்னோக்கிய பற்கள், மேலே விஷமுள்ள தோலுறை. இழுக்கும்போது ஒடிந்து உள்ளே தங்குவது நடக்கக்கூடியதுதான். அதனால்தான் இப்படிப்பட்ட காயத்தில் துண்டு தங்கியிருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும், எக்ஸ்ரே எடுக்க வேண்டும், நன்றாகக் கழுவ வேண்டும், பொதுவாக உடனே தைத்து மூடாமல் திறந்தே விட வேண்டும் என்பது மருத்துவத்தில் தெரிந்த நடைமுறை. நம் கரையில் டாக்டராக இருப்பவருக்கு இது அபூர்வமான காயமும் இல்லை. ஆக, மனுவில் மூன்று கேள்விகள் இருக்க வேண்டும். எக்ஸ்ரே ஏன் எடுக்கவில்லை? உடனே ஏன் தைத்தார்கள்? வீக்கத்தோடு மூன்று முறை வந்தவரின் தையலை ஏன் பிரித்துப் பார்க்கவில்லை, ஏன் மேல்சிகிச்சைக்கு அனுப்பவில்லை? என் அனுபவத்தில் மூன்றாவதுதான் மிகப் பலமானது. முதல் நாள் கணிப்பு பிசகுவதை நீதிமன்றம் மன்னிக்கலாம். நோயாளி காலைத் தூக்கிக் காட்டிய பிறகும் பார்க்காமல் அனுப்பியதற்குப் பதில் சொல்வது அவர்களுக்குக் கஷ்டம்.

அவர்கள் "சுகரால்தான் விரல் போனது" என்பார்கள். இந்தப் பதிலை எதிர்பார்த்தே தயாராகுங்கள். சுகர் இருப்பதை நீங்கள் சொன்னீர்களா, அன்று சோதித்தார்களா, சீட்டில் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். தெரிந்திருந்தது என்றால் அந்த வாதம் அவர்களுக்கு எதிராகவே திரும்பும். சுகர் உள்ளவரின் பாதத்தில் கடல் காயம் என்றால் கூடுதல் கவனம் வேண்டும் அல்லவா? "தண்ணீரில் இறங்கினார், மாத்திரை சாப்பிடவில்லை" என்றும் சொல்வார்கள். அந்தப் பதினோரு நாளும் அம்மா கடலுக்குப் போகவில்லை என்பதைக் கூட வேலை பார்க்கும் பெண்கள் ஒருவர் இருவர் பிரமாணப் பத்திரமாகக் கொடுத்தால் நல்லது.

இவ்வளவுக்கும் காகிதம் வேண்டும். இன்றே ஒரு வெள்ளைத் தாளில் அம்மா பெயரில், "எனக்குச் செய்த சிகிச்சையின் எல்லா ஆவணங்களின் நகலும் வேண்டும்" என்று எழுதி, சிகிச்சை பெற்ற தேதிகளையும் குறிப்பிட்டு, ஆஸ்பத்திரிக்கு ஸ்பீடு போஸ்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைக் கொடுக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகளில் இருக்கிறது. உள்நோயாளிப் பதிவேடுகளை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில்தான். கொடுக்கவில்லை என்றால் சோர்ந்துவிடாதீர்கள். கேட்டும் தராதது ஆணையத்தில் உங்களுக்குச் சாதகமாகத்தான் பேசும். தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் புகார் செய்யவும் அது ஒரு காரணம்.

மதுரையிலிருந்து டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு, எக்ஸ்ரே மூன்றும் கட்டாயம் வாங்குங்கள். 'காயத்துக்குள்ளிருந்து முள் துண்டு அகற்றப்பட்டது' என்ற பொருளில் ஓர் அரசு டாக்டர் அங்கே எழுதியிருந்தால், உங்கள் வழக்கின் முதுகெலும்பே அந்த வரிதான். எல்லா வழக்குக்கும் தனியாக நிபுணர் சாட்சி வேண்டும் என்பதில்லை என்று 2010இல் கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மலேரியா வந்த பெண்ணுக்கு டைபாய்டு என்று சிகிச்சை கொடுத்த வழக்கு அது. ஆனாலும் ஓர் அறுவைச் சிகிச்சை நிபுணரின் எழுத்துபூர்வக் கருத்து கிடைத்தால் விடாதீர்கள்.

பழைய சீட்டுகளை எடுக்கும்போது டாக்டரின் முத்திரையையும் படித்துப் பாருங்கள். படிப்பு என்ன, பதிவு எண் இருக்கிறதா? ஹோமியோபதி படித்தவர் அலோபதி மருந்து கொடுத்ததே கவனக்குறைவுதான் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. முத்திரையே இல்லாத சீட்டுகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

சரி, எங்கே போவது? ராமநாதபுரத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு. காசு கொடுத்துப் பெறும் மருத்துவமும் நுகர்வோர் சேவைதான் என்பது 1995இல் சாந்தா வழக்கிலிருந்து தெளிவான சட்டம். ஆஸ்பத்திரி வேறு மாவட்டத்தில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். 2019 சட்டம் கொடுத்த வசதி அது. நீங்கள் ஆஸ்பத்திரிக்குக் கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. கேட்கும் நஷ்டஈட்டை வைத்து அல்ல, கட்டிய பணத்தை வைத்துத்தான் இந்தக் கணக்கு. பணி டாக்டர் யார், நர்ஸ் யார் என்று பெயர் தெரியவில்லையே என்றும் தவிக்க வேண்டாம். ஆஸ்பத்திரியை எதிர்மனுதாரராகச் சேர்த்தால் போதும் என்று 2004இல் சவிதா கார்க் வழக்கில் சொல்லிவிட்டார்கள்.

எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை மீது குறை என்றால் வழி வேறு: உரிமையியல் வழக்கு, அல்லது உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு. அரசு என்றால் பொறுப்பே கிடையாது என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம். சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996இல் குறைமாதத்தில் பிறந்த ஒரு குழந்தைக்குக் கண் பரிசோதனை செய்யாமல் விட்டதில் பார்வை போயிற்று. தேசிய ஆணையம் கொடுத்தது 5 லட்சம். உச்ச நீதிமன்றம் 2015இல் எதிர்கால மருத்துவச் செலவுக்கு மட்டுமே சுமார் 1.38 கோடி கொடுக்கச் சொன்னது.

போலீஸ் விஷயத்தில் உங்கள் சொந்தக்காரர்களின் கோபம் நியாயமானது. ஆனால் இப்போது அந்தப் பக்கம் போக வேண்டாம். குற்ற வழக்குக்குச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிக மோசமான கவனக்குறைவு வேண்டும் என்கிறது ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு. வேறொரு டாக்டரின், முடிந்தவரை அரசு டாக்டரின் கருத்தைப் பெற்ற பிறகே போலீஸ் மேலே போக வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. மாதங்கள் ஓடிவிடும். இரண்டு வருடக் கணக்கு அதற்காக நிற்காது. ஆஸ்பத்திரி முன்னால் போய்க் கூட்டமாகக் கத்துவதும், கண்ணாடியை உடைப்பதும் வேண்டவே வேண்டாம். ஆஸ்பத்திரியில் வன்முறையும் சேதமும் செய்வது 2008ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம். பாதிக்கப்பட்டவர் வீட்டுப் பையன்களே கைதிகளாக நிற்பதைப் பார்ப்பது பெரிய வேதனை.

வக்கீல் செலவுக்குப் பயப்படாதீர்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்கிறது 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம். ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் அம்மா பெயரில் மனுக் கொடுங்கள். 15100க்குப் போன் செய்தும் கேட்கலாம்.

நஷ்டஈடு எவ்வளவு கேட்பது என்பதில்தான் நம் கரைப் பெண்கள் ஏமாந்துபோகிறார்கள். சம்பளச் சீட்டு இல்லையே என்று ஆஸ்பத்திரி பில்லோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அம்மா யாரிடம் பாசி போட்டாரோ அந்த வியாபாரியின் கணக்கு நோட்டு, மீனவர் அடையாள அட்டை, சங்கத்தின் கடிதம், வங்கிப் புத்தகம் எல்லாமே வருமானச் சான்றுதான். எந்த விரல்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பெருவிரல் அதில் ஒன்று என்றால் தவறாமல் சொல்லுங்கள். அலையடிக்கும்போது பாறையில் கால் ஊன்றி, கைவிரலில் துணி சுற்றிக்கொண்டு குனிந்து பாசி பறிக்கும் வேலையில் கால் பெருவிரல் போனால் பிடிமானமே போய்விடும். ஆணையத்தில் உட்கார்ந்திருப்பவர் அந்த வேலையைப் பார்த்திருக்க மாட்டார். மனுவில் நீங்கள்தான் அதை எழுதிக் காட்ட வேண்டும். மாற்றுத்திறன் சதவீதச் சான்றும் வாங்கிவிடுங்கள்.

அப்புறம், சமரசமே கூடாது என்று நான் சொல்லவில்லை. மருத்துவக் கவனக்குறைவால் கடுமையான காயம் ஏற்பட்ட வழக்கை ஆணையம் சமரச மையத்துக்கு அனுப்ப 2020ஆம் ஆண்டின் விதிகள் இடம் தரவில்லை. ஆனால் மனுவைப் பதிவு செய்த பிறகு, வக்கீலை வைத்துக்கொண்டு இரு தரப்பும் நேரடியாகப் பேசலாம். அப்படிப் பேசி முடிக்கும் தொகையை ஆணையத்தின் உத்தரவாகவே கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் நிறைவேற்றக் கேட்கலாம். அந்த 40,000 ரூபாய் ஆள் மறுபடி வந்தால், அவர் கொண்டுவந்த பேப்பரைப் போட்டோ எடுக்க விடுவாரா என்று கேளுங்கள். விட்டால் எடுத்து, மற்றக் காகிதங்களோடு தேதி எழுதி வையுங்கள்.