21-ஆம் பிறந்தநாள் அலங்காரத்துக்குக் கடன் அட்டையா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வர்த்தில் வசிக்கிறோம். மூன்று மாதம் கழித்து மகளுக்கு 21-ஆம் பிறந்தநாள். ஹாலில் 8 மேசை, 60 பேர். பார்ட்டி கடையில் அலங்காரத்துக்கு 6,780 ரேண்ட் கேட்கிறார்கள்: ஹீலியம் பலூன் 40 (ஒன்று 35 ரேண்ட்), பலூன் ஆர்ச் கட்டித்தர 3,200, '2', '1' ஃபாயில் எண்கள் 500, மேசை விரிப்பு 480, பின்திரை மாட்டும் சட்டத்துக்கு (ஃப்ரேம்) வாடகை 1,200. அந்தச் சட்டத்துக்கு டெபாசிட் 500 தனி. கையில் 4,000 இருக்கிறது. கடையின் கடன் அட்டையில் 12 மாதத் தவணையில் வாங்கலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. ஆண்டு வட்டி 21 சதவீதம், மாதச் சேவைக் கட்டணம் 60 ரேண்ட் என்று வைத்துக்கொண்டாலே, 6,780-க்கு மேல் சுமார் 1,500 ரேண்ட் கூடுதலாகக் கட்டுவீர்கள். கடன் காப்பீடு சேர்த்தால் இன்னும் ஏறும். அந்தப் பலூன்களோ மறுநாளே தரையில் கிடக்கும்.

பட்டியலில் முதலில் கைவைக்க வேண்டியது ஹீலியத்தில். 11 அங்குல ரப்பர் பலூனில் அடைத்த ஹீலியம் ஏறத்தாழ 12 முதல் 18 மணி நேரம்தான் மிதக்க வைக்கும். வெயிலில் நிறுத்திய காரில் வைத்தால் வாயு விரிந்து வழியிலேயே வெடிக்கும். கேக் மேசைக்கு எட்டு போதும்: 280 ரேண்ட். ஃபாயில் எண்கள் பல நாள் தாங்கும், அவற்றை வாங்குங்கள். விழா முடிந்ததும் வால்வில் ஸ்ட்ரா செருகிக் காற்றை இறக்கி மடித்து வையுங்கள், உறவில் அடுத்த பிறந்தநாளுக்கு உதவும்.

ஆர்ச்சுக்கு ஹீலியமே தேவையில்லை, கைப்பம்புக் காற்று போதும். 3 மீட்டருக்கு 11 அங்குலம் 50, 5 அங்குலம் 40, 18 அங்குலம் 6, உடைவதற்கு இன்னும் பத்து, ஒரு பலூன் டேப் (வரிசையாக ஓட்டைகள் உள்ள பிளாஸ்டிக் பட்டை), மீன்பிடி நரம்பு. 11 அங்குலப் பலூனை 10 அங்குலத்தோடு நிறுத்துங்கள். முழுக்க ஊதினால் பேரிக்காய் வடிவமாகும், உரசினால் வெடிக்கும். அட்டைப் பெட்டியில் 10 அங்குல ஓட்டை வெட்டி ஒவ்வொன்றையும் அதில் நுழைத்துப் பார்த்தால் அளவு ஒன்றுபோல் வரும். இரண்டிரண்டாக முடிந்து, இரு ஜோடிகளை முறுக்கி, நான்கு நான்காக நரம்பில் கோக்க வேண்டும். சின்னப் பலூன்களை டேப்பின் ஓட்டைகளில் செருகி, இடைவெளி தெரியும் இடங்களில் அந்த டேப்பைச் சுற்றிவிடுங்கள். முந்தின நாள் மாலையே நிழலான அறையில் செய்து வைக்கலாம். இதற்கு 600 ரேண்ட் வரம்பு வையுங்கள். கிரே ஸ்ட்ரீட் பக்கத்து மொத்தக் கடைகளிலும் விலை கேட்டுப் பாருங்கள்.

ஆர்ச்சைச் சுவரில் டேப் போட்டு ஒட்டாதீர்கள். பெயிண்ட் பெயர்ந்தால் ஹால் டெபாசிட்டில் பிடிப்பார்கள். வாடகைக்கு எடுக்கும் பின்திரைச் சட்டத்திலேயே கட்டுங்கள். அதற்காகத்தான் அந்த 1,200 ரேண்டை நான் குறைக்கவில்லை. சட்டத்தை எடுக்கும்போதே கீறல் இருந்தால் படமெடுத்து, திருப்பித் தரும் நாளையும் நேரத்தையும் ரசீதில் எழுதி வாங்குங்கள்.

விரிப்பைத் தனித்தனியாக வாங்காமல் சுருளாக வாங்குங்கள். 1.8 மீட்டர் மேசைக்கு இரு பக்கமும் 30 சென்டிமீட்டர் தொங்க 2.4 மீட்டர் வேண்டும், எட்டுக்கும் சேர்த்து 20 மீட்டர். 400 ரேண்டுக்குள் முடியுங்கள்.

மொத்தம் 2,980. டெபாசிட்டோடு 3,480, உங்கள் கையிருப்புக்குள் அடங்குகிறது. கடை சொன்ன விலையில் 15 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி) அடக்கமா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

பணத்தை ஒரே நாளில் முடக்க விருப்பமில்லை என்றால், கெடாத பொருட்களுக்கு லே-பை கேளுங்கள். முழுத்தொகை கட்டும்வரை பொருள் கடையிலேயே இருக்கும், வட்டி கிடையாது. இடையில் விலகினால் என்ன பிடிப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். நிறத்தை மகளிடம் காட்டி உறுதி செய்த பிறகே வாங்குங்கள். கடையில் நேரில் வாங்கிய, குறையில்லாத பொருளை மனம் மாறியதற்காகத் திரும்ப எடுக்கச் சட்டம் கடையைக் கட்டாயப்படுத்தாது. ஆன்லைனில் வாங்கினால் பொதுவாக 7 நாள் அவகாசம் உண்டு, திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது.

விழா மாலை என்றால், ஹீலியத்தை அன்று நண்பகலுக்கு மேல் அடைத்துத் தரச் சொல்லி இப்போதே நேரம் பதிந்துகொள்ளுங்கள்.