சோடியம் அயனி தண்ணீர் மூலக்கூறைவிடச் சிறியது. பிறகு ஏன் தண்ணீர் செல் சவ்வைக் கடக்கிறது, சோடியம் கடப்பதில்லை?

கேட்டவர் கேள்விக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "செல் சவ்வு சல்லடை மாதிரி என்று படித்தோம். சல்லடையில் சின்னது போகும், பெரியது நிற்கும். இங்கே தலைகீழாக இருக்கிறதே?"

சல்லடை என்று சொல்லிக்கொடுத்தவர் மேல் கோபப்படாதீர்கள். நானும் சில வருடம் அப்படித்தான் பாடம் நடத்தினேன். கரும்பலகையில் ஒரு கோடு, அதில் நாலு ஓட்டை, பக்கத்தில் அம்புக்குறி. ஒரு நாள் ஒரு மாணவி வேதியியல் புத்தகத்தில் அயனி ஆரங்களின் அட்டவணையைப் பார்த்துவிட்டு வந்து இதையே கேட்டாள். "நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன். அந்த நாளைக்கு வருவதற்கு ஒரு வாரம் ஆயிற்று.

முதலில் சல்லடையைத் தூக்கிப் போட்டுவிடுவோம். சவ்வு என்பது ஏறக்குறைய 5 நானோமீட்டர் தடிமனுள்ள கொழுப்புப் படலம். பாஸ்போலிப்பிட் மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக, வாலோடு வால் சேர்த்து நிற்கின்றன. தலைகளுக்குத் தண்ணீர் பிடிக்கும், அதனால் அவை வெளிப்பக்கம்; வால்களுக்குத் தண்ணீர் ஆகாது, அவை உள்ளுக்குள். ஆக, கடக்க வருகிற எதுவும் இந்தப் பக்கத்துத் தண்ணீரை விட்டுவிட்டு, எண்ணெய் போன்ற நடுப்பகுதியில் மூழ்கி, அந்தப் பக்கத்துத் தண்ணீரில் எழுந்தாக வேண்டும். தண்ணீரை விட்டுவிட்டு வர முடியுமா என்பதுதான் இங்கே முதல் சோதனை. அளவெல்லாம் அதற்குப் பிறகு.

கார்டிசால் என்ற ஹார்மோனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூலக்கூறு எடை 362. குளுக்கோஸுக்கு 180தான். ஆனால் இரண்டு மடங்கு கனமான கார்டிசால் சவ்வுக்குள் கரைந்து மறுபக்கம் போய்விடும், குளுக்கோஸ் வாசலிலேயே நிற்கும். கார்டிசால் கொழுப்பின் சொந்தக்காரன். குளுக்கோஸிலோ ஐந்து ஹைட்ராக்சில் தொகுதிகள், ஒவ்வொன்றும் தண்ணீரின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆக்சிஜன், கார்பன் டைஆக்சைடு இரண்டுக்கும் மின்சுமையும் கிடையாது, தண்ணீரோடு பெரிய ஒட்டுறவும் கிடையாது. அவை பாட்டுக்குப் போய் வரும்.

இப்போது சோடியம். அதன் விட்டம் சுமார் 0.2 நானோமீட்டர், தண்ணீர் மூலக்கூறு 0.28. நீங்கள் சொன்னது சரிதான், சிறியதுதான். ஆனால் கரைசலில் சோடியம் தனியாகத் திரிவதே இல்லை. நேர் மின்சுமை இருப்பதால் ஐந்தாறு தண்ணீர் மூலக்கூறுகள் தங்கள் ஆக்சிஜன் முனையை அதன் பக்கம் திருப்பிக்கொண்டு சுற்றி மொய்த்திருக்கும். அந்தப் போர்வையைக் கழற்ற மோலுக்குச் சுமார் 400 கிலோஜூல் ஆகும். பொட்டாசியம் அதைவிடப் பெரிய அயனி, அதற்குச் சுமார் 320 போதும். அயனி சிறியதாக ஆக ஆகத் தண்ணீர் இன்னும் நெருங்கி வந்து ஒட்டுகிறது, பிடியும் இறுகுகிறது. சோடியத்துக்கு அதன் சிறிய உருவமே வினையாகிவிடுகிறது. புரதம் எதுவும் இல்லாத வெறும் கொழுப்புப் படலத்தில் சோடியம் கடக்கும் வேகம், தண்ணீரின் வேகத்தில் நூறு கோடியில் ஒரு பங்குகூட இருக்காது.

இதைக் கண்ணால் பார்க்க ஆசை இருந்தால் ரியோ இலை சோதனையைச் செய்யுங்கள், செய்தவராக இருந்தால் இன்னொரு முறை. இலையின் ஊதா நிற அடிப்புறத் தோலை உரித்து, நுண்ணோக்கியில் வைத்து, கண்ணாடித் தகட்டின் ஓரமாக ஒரு சொட்டு அடர் உப்புக் கரைசலை விட வேண்டும். செல்லை நிறைத்திருந்த ஊதா நிறம் மூலைகளிலிருந்து விலக ஆரம்பிக்கும். சில நிமிடங்களில் செல்சுவர் பெட்டி மாதிரி அப்படியே நிற்க, நடுவில் ஊதா உருண்டை மட்டும் சுருங்கிக் கிடக்கும். சுவருக்கும் உருண்டைக்கும் இடையே தெரியும் காலி இடத்தைப் பாருங்கள். பெரும்பாலானோர் அங்கே ஒன்றுமில்லை என்றே நினைக்கிறார்கள். அங்கே இருப்பது உப்புக் கரைசல். சுவரைச் சுலபமாகத் தாண்டிவிட்டது, சவ்வின் முன்னால் நின்றுவிட்டது. உள்ளே இருந்த தண்ணீர் வெளியே வந்ததைப்போல உப்பும் அதே வேகத்தில் உள்ளே போயிருந்தால் உருண்டை சுருங்கியே இருக்காது.

சரி, தண்ணீர் மட்டும் எப்படி? அதற்கு மின்சுமை இல்லை, உருவமும் சிறியது, அதனால் கொழுப்பின் வழியே கொஞ்சம் கசியும். ஆனால் சிவப்பணுவிலும் சிறுநீரகக் குழல்களிலும் நடக்கும் வேகத்துக்கு அந்தக் கசிவு போதாது. தனி வழி ஒன்று இருக்க வேண்டும் என்ற சந்தேகம் பல காலம் இருந்தது. 1992இல் பீட்டர் ஏக்ரியின் குழு அதை ஒரு தவளை முட்டையில் காட்டியது. சிவப்பணுவில் ஏராளமாக இருந்த, வேலை என்னவென்று தெரியாத ஒரு புரதத்துக்கான ஆர்என்ஏவை, அதாவது அதைச் செய்வதற்கான குறிப்பை, முட்டைக்குள் செலுத்தினார்கள். பிறகு உப்பு குறைந்த நீரில் போட்டார்கள். சாதாரண முட்டை அப்படியே கிடந்தது. செலுத்தப்பட்ட முட்டை நிமிடங்களில் உப்பி வெடித்தது. அந்தப் புரதம்தான் அக்வாபோரின். 2003இல் ஏக்ரிக்கு வேதியியல் நோபல் கிடைத்தது.

உங்கள் கேள்விக்கான நேரடி விடை இந்த அக்வாபோரினில்தான் இருக்கிறது என்பேன். அதன் குறுகலான இடம் சுமார் 0.28 நானோமீட்டர். தண்ணீர் ஒற்றை வரிசையில் போகிறது, நொடிக்கு நூறு கோடிக் கணக்கில். வெறும் சோடியம் அதற்குள் தாராளமாகப் புகலாம், இடம் இருக்கிறது. ஆனால் போர்வையோடு வந்தால் நுழையாது. போர்வையைக் கழற்றினால் அதற்கு ஈடாகக் கொடுக்க உள்ளே எதுவும் இல்லை.

ஈடு கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பொட்டாசியக் கால்வாய் உதாரணம்; சவ்வில் பொட்டாசியத்துக்கென்றே இருக்கும் புரத வழி அது. 1998இல் ராடரிக் மெக்கின்னன் அதன் வடிவத்தை வெளியிட்டார்; 2003 நோபலை ஏக்ரியோடு பகிர்ந்துகொண்டவர் இவரே. கால்வாயின் வடிகட்டிப் பகுதியில் ஆக்சிஜன் அணுக்கள் வளையம் வளையமாக உள்ளே பார்த்து நிற்கின்றன. பொட்டாசியம் தன் தண்ணீரை உதறிவிட்டு உள்ளே வந்ததும் எட்டு ஆக்சிஜன்கள் அதைச் சூழ்கின்றன, தண்ணீர் சூழ்ந்திருந்த அதே தூரத்தில். அதற்கு எதையும் இழந்த உணர்வே இல்லை என்று சொல்லலாம். சோடியம் வந்தால், அது சிறியது என்பதால், எல்லா ஆக்சிஜன்களையும் ஒரே நேரத்தில் தொட முடியாமல் நடுவில் தொளதொளவென்று நிற்கும். கழற்றிய போர்வைக்கு முழு ஈடு கிடைக்காத இடத்துக்கு அது ஏன் வரப்போகிறது? இப்படிப் பெரிய பொட்டாசியம் நொடிக்குக் கோடிக் கணக்கில் போகும் வழியில் சிறிய சோடியம் அநேகமாகப் போவதே இல்லை. அந்த மாணவியிடம் இதைச் சொன்னபோது, "அப்போ இது தலைகீழ்ச் சல்லடையா சார்?" என்றாள். அதையும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றேன்.

சோடியத்தை வெளியே தள்ளுவதற்கு ஒரு பம்பும் இருக்கிறது. 1957இல் ஜென்ஸ் ஸ்கௌ நண்டின் கால் நரம்பில் அடையாளம் கண்டது. செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி ஒன்றைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். செயல்மிகு கடத்தல் என்று புத்தகத்தில் வருவது இதுதான். இதனால் வெளியே சுமார் 145 மில்லிமோலார் சோடியம், உள்ளே 12 அளவுக்குத்தான். கொஞ்சம் வழி கிடைத்தாலும் உள்ளே பாய்ந்துவிடும் நிலையில் சோடியம் எப்போதும் வெளியே காத்திருக்கிறது. பெரிய துகள்களைச் செல் விழுங்குவது, துப்புவது எல்லாம் வேறு கதை. அங்கே சவ்வே மடிந்து பையாகிவிடும். இங்கே அது வேண்டாம்.

அப்புறம் ஒரு திருத்தம். சோடியம் கடப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தானாகக் கடப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். குடலின் உள்பக்கச் செல்களில் ஒரு புரதம், இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து வந்தால் உள்ளே விடும். ஒன்று இல்லாமல் இன்னொன்று வந்தால் விடாது. ராபர்ட் கிரேன் 1960இல் முன்வைத்த கருத்து இது. காலராவில் நச்சு, குளோரைடு கால்வாயைத் திறந்து வைத்துவிடுகிறது. குளோரைடு குடலுக்குள் கொட்ட, பின்னாலேயே சோடியமும் தண்ணீரும் போகின்றன. வெறும் உப்புத் தண்ணீர் குடித்தால் உடம்பில் ஏறாது. ஆனால் இந்தக் குளுக்கோஸ் வாசலை நச்சு தொடுவதில்லை. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு, சர்க்கரைக் கரைசலில் குளுக்கோஸ் சேர்ப்பது தெம்புக்காக என்று பலரும் நினைக்கிறார்கள். சோடியத்துக்குக் கதவு திறக்கத்தான் அது முக்கியமாக இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய அளவுப்படி ஒரு லிட்டரில் சோடியம் 75 மில்லிமோல், குளுக்கோஸும் 75 மில்லிமோல். இரண்டும் உள்ளே போனால் தண்ணீர் தானாகப் பின்னால் போகிறது.