யாழ்ப்பாணத்தில் பிறந்தேன், ஜெர்மன் பாஸ்போர்ட் வைத்திருக்கிறேன்: பிரிட்டனில் வாக்களிக்கலாமா?

கேள்வி: 2012 முதல் லண்டனில் வேலை செய்து வரி கட்டுகிறேன். செட்டில்ட் ஸ்டேட்டஸும் (பிரிட்டனில் நிரந்தரமாக வசிக்கும் உரிமை) உண்டு. போன மாதம் இலங்கையிலிருந்து படிக்க வந்த பையனுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கு இருக்கிறதாம், எனக்கு இல்லையாம். கவுன்சிலின் (உள்ளூராட்சி மன்றம்) வாக்காளர் பதிவுப் படிவத்தில் குடியுரிமை 'இலங்கை' என்று போட்டால் பெயர் சேர்ந்துவிடும் என்கிறார் நண்பர். போடலாமா?

பதில்: போடாதீர்கள். நீங்கள் கட்டிய வரியையும் வாழ்ந்த வருடங்களையும் சட்டம் பார்ப்பதில்லை. நீங்கள் எந்த நாட்டுக் குடிமகன் என்பதுதான் கேள்வி. பிரிட்டிஷ், ஐரிஷ் குடிமக்கள், பிரிட்டனில் சட்டப்படி வசிக்கும் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள், இவர்களுக்குத்தான் இந்த வாக்கு. இலங்கை காமன்வெல்த் நாடு என்பதால் அந்தப் பையன் அந்த வகையில் வருகிறான். ஜெர்மன் குடியுரிமை எடுத்தபோது உங்கள் இலங்கைக் குடியுரிமை போய்விட்டது. கொழும்பு தந்த இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழ் கையில் இருந்தால் மட்டும் கதை வேறு. அப்படியானால் இரண்டு குடியுரிமையையும் எழுதிப் பதியுங்கள்.

சான்றிதழ் இல்லாமல் 'இலங்கை' என்று எழுதியவர்கள் மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். பெயர் ஏறிவிடும், போலிங் கார்டும் (வாக்களிப்பு அறிவிப்பு அட்டை) வந்துவிடும். வாக்குச்சாவடியில் ஜெர்மன் பாஸ்போர்ட்டையே அடையாளமாகக் காட்டலாம். "அதைப் பார்த்துத்தானே வாக்குச்சீட்டு தந்தார்கள்?" என்று பிறகு கேட்பார்கள். அங்கே பார்ப்பது முகத்தையும் பெயரையும்தான். அது உரிமைக்குச் சான்று ஆகாது. படிவத்தில் பொய்த் தகவல் தருவது சிறை வரை போகக்கூடிய குற்றம். நாளைக்கு பிரிட்டிஷ் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது ஹோம் ஆபிஸ் (உள்துறை அமைச்சு) நன்னடத்தையைப் பார்க்கும். நீங்களே கைப்பட எழுதிய பொய் அங்கே முன்னால் வந்து நிற்கும். தெரியாமல் எழுதிவிட்டேன் என்று நீங்கள் சொல்லவும் முடியாது, கேட்டுவிட்டீர்களே.

உள்ளூராட்சித் தேர்தல் தனி. ஐரோப்பிய ஒன்றிய நாட்டுக் குடிமகனாக 2020 முடிவதற்கு முன்பிருந்தே சட்டப்படி வசிப்பதால் கவுன்சிலுக்கும் லண்டன் மேயருக்கும் நீங்கள் வாக்களிக்கலாம். ஜெர்மன் என்றே பதியுங்கள்.

நாடாளுமன்ற வாக்குக்காக மல்லுக்கட்டாதீர்கள். பிரிட்டிஷ் குடியுரிமை எடுங்கள். 2024 ஜூன் 27 முதல், வேறு குடியுரிமை எடுப்பவரின் ஜெர்மன் குடியுரிமையை ஜெர்மனி பறிப்பதில்லை. கட்டணம் அதிகம்தான், ஆனாலும் நேர்வழி இது. நண்பர் பேச்சைக் கேட்டு ஏற்கெனவே பதிந்திருந்தால் இனி அதை வைத்து வாக்களிக்காதீர்கள். கவுன்சிலுக்கு ஒரு வரி எழுதுவதற்கு முன் படிவ நகலோடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.